கோழிப்பார்

பள்ளிவாசல்துறைக் கரையில் அன்று காலை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸஜீத் கையில் கிடைத்த குச்சியால் மணலில் கடலை வரைபடமாகக் கீறினான். றுமைஸா கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மேல் ஏறி நின்று அதைப் படம் எடுத்தாள். ஸஃப்னா ஒன்று கேட்க, ஸஜீத் இரண்டு சொல்ல, றுமைஸா மூன்றாவதாக ஒரு பகிடி விட, வெயில் ஏறியதே யாருக்கும் தெரியவில்லை.

"கப்பல்பார், வெள்ளப்பார், பேய்ப்பார்..." ஸஜீத் புள்ளி வைத்துக்கொண்டே போனான். "ஒவ்வொண்டுக்கும் ஒரு கத இரிக்கி. எங்கட மாமா கண்ண மூடிக்கொண்டு போய்க் காட்டுவாரு."

"கண்ண மூடிக்கொண்டு போட் ஓட்டுற ஆளோட நான் வரமாட்டன்," என்றாள் றுமைஸா.

கடலுக்குள் கிடக்கும் கல்திட்டைத்தான் அந்தப் பக்கத்தில் பார் என்பார்கள். மீன் நிற்பதும் அங்கேதான், வலை கிழிவதும் அங்கேதான். நன்மையும் தீமையும் செய்கிற ஒன்றுக்குப் பெயர் வைக்காமல் விடுவார்களா? கரையில் உள்ள தெருவுக்கும் ஒழுங்கைக்கும் பெயர் இல்லாவிட்டாலும் கடலில் உள்ள பாருக்குப் பெயர் இருக்கும்.

மூன்று பேரும் பல்கலைக்கழகத்தில் ஒரே கம்பஸ், ஒரே வருடம். நோன்புப் பெருநாளோடு லீவு விட்டபோது மிஸ் ஒரு ப்ரொஜெக்ட் கொடுத்து அனுப்பியிருந்தார். ‘என் ஊரில் ஒரு பெயர்’ என்று தலைப்பு. ஊரில் வழங்குகிற ஒரு பெயரை எடுக்க வேண்டும். அது எப்படி வந்தது, அந்தப் பெயருக்கும் எனக்கும் என்ன உறவு என்று லீவு முடிந்து வந்து எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். கூட்டாகத் தேடலாம், ஆனால் ஆளுக்கொரு பெயர். மிஸ் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சொந்த ஊராக இருக்க வேண்டும். பெயரையும் ஊரையும் நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் மிஸ்ஸின் ஃபோனுக்கு அனுப்பிவிட வேண்டும்.

றுமைஸா கற்பிட்டிக்காரி. கோட்டைக்குப் பின்னால் தன் வீடு இருக்கிற ஒழுங்கையின் பெயரை முதல் நாளே அனுப்பிவிட்டாள். பள்ளிவாசல்துறைக்காரனான ஸஜீத் கோழிப்பாரைப் பிடித்துக்கொண்டான். ஸஃப்னாதான் பாக்கி.

"பேய்ப்பார நான் எடுக்கிறன்," என்றாள் ஸஃப்னா.

ஸஜீத் குச்சியை நிறுத்தினான். "நீ எப்பிடி எடுக்கிற? மிஸ் கேட்டது சொந்த ஊர். உன்ட ஊர் எருக்கலம்பிட்டி தானே. மன்னார்ல ஒண்ட எடன்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உப்பு கரிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னான். அதனால்தான் அவளுக்கு இன்னும் கூடச் சுட்டது.

ஸஃப்னா பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். வளர்ந்தது பள்ளிவாசல்துறையைப் போலவே கற்பிட்டிக் கரையில் உள்ள ஆலங்குடாவில். அவளுடைய உம்மா அலீமாதான் எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் ஏந்திய இயக்கம் வெளியேறச் சொன்னபோது, பத்து வயதுப் பிள்ளையாக வள்ளத்தில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவள். ஸஃப்னா எருக்கலம்பிட்டிக்குப் போனதெல்லாம் இரண்டு கல்யாணத்துக்கு. அங்கே மச்சிமார் "புத்தளத்தாள் வந்திரிக்கா" என்று தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார்கள். இங்கே வந்தால் மன்னார்ப் புள்ள. இடையில் பஸ்ஸில் இருக்கிற நேரம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"எனக்கு மன்னார்ல ஒரு ஒழுங்க கூடத் தெரியாது ஸஜீத்," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச கடல் இது தான்."

"தெரிஞ்சா போதுமா? எனக்குக் கொழும்பு கூடத் தெரியும்."

"உனக்குக் கொழும்புல புறக்கோட்டயும் கக்கூஸும் தான் தெரியும்," என்று றுமைஸா வள்ளத்திலிருந்து குதித்தாள். "வா, உங்கட மாமா கைகாட்டுறாரு. ஊர்ச் சண்டைய கடல்ல போய்ப் பிடிப்பம்."

ஸஜீத்தின் மாமா ஹயாத்து முகம்மது போட்டைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு நின்றார். ஐம்பது தாண்டிய ஆள். வெயிலில் வெந்த முகம், சிரித்தால் மட்டும் வெள்ளை. பிள்ளைகளை ஏற்றி, ஆளுக்கொரு மிதவைச் சட்டையை எறிந்து, எஞ்சினைக் கிளப்பினார். சித்திரைக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது.

ஸஜீத் தன் கண்டுபிடிப்பை ஏற்கெனவே நூறு தரம் சொல்லிவிட்டான். ஒரு காலத்தில் மலையாளத்துக் கரையிலிருந்து கோயா என்று ஒரு பெரிய வியாபாரி கப்பலில் வந்தாராம். அந்தக் கப்பல் இந்தக் கல்லில் மோதி உடைந்ததாம். கோயாப்பார் என்று தொடங்கியது வாயில் உருண்டு உருண்டு கோழிப்பார் ஆனதாம். கரைக்கு நீந்தி வந்த கோயா இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டாராம். அவருடைய வழியில் வந்தவர்கள்தான், வேறு யார், ஸஜீத்தின் குடும்பம்.

"அவர் நீந்தி வந்ததுக்குச் சாட்சி?" என்று றுமைஸா கேட்டாள்.

"என்ட நீச்சலப் பாத்தா தெரியும்."

நீரின் நிறம் மாறிய இடத்தில் மாமா எஞ்சினைக் குறைத்தார். கறுப்பு நீலம் போய்ப் பச்சை வந்தது, பச்சைக்குள் பழுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. சின்னச் சின்ன அலைகள் அதன்மேல் ஏறி வெள்ளையாக உடைந்தன. தண்ணீர் வற்றினால் அந்த முதுகு வெளியே எட்டிப்பார்க்கும் என்றார் மாமா. ஸஃப்னா போட்டின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். வரிபோட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஒரே அடியாக, யாரோ கட்டளை போட்டதுபோல. அவளுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது.

இதற்குள் ஸஜீத் ஃபோனை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டான். எஞ்சின் அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது. மாமா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கோயா எண்ட மலையாள வியாபாரிட கப்பல் ஒடஞ்ச இடம் தானே இது? அதால தானே கோழிப்பார்?"

"ம்." மாமா இழுத்தார்.

"உங்கட வாப்பா காலத்துலயும் இதே பேர் தானே?"

"இரிக்கும்... ஓம், ஓம்... அந்த ஸ்பேனர எடு."

"கேட்டீங்களா!" ஸஜீத் ஃபோனைத் தூக்கிக் காட்டினான். "ரெக்கோர்ட் ஆகிட்டு. ஓம் எண்டுட்டாரு."

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் கோயாவின் பேரன்போலவே இருந்து வந்தான். ஸஃப்னா ஃபோனில் மிஸ்ஸின் நிபந்தனையைத் திரும்ப வாசித்தாள். நாளைப் பகலுக்குள் மிஸ்ஸுக்கு என்னத்தை எழுதுவது? கல்யாண வீட்டில் குடித்த தேத்தண்ணியைப் பற்றியா?

ஆலங்குடாவில் வீட்டுக்குப் போனபோது அலீமா தையல் மெஷினில் இருந்தாள். தலையணை உறைகள் கதிரையில் குவிந்திருந்தன. ஸஃப்னா சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து நிலத்தில் உட்கார்ந்தாள், ஃபோனில் அன்றைய படங்களை ஓடவிட்டாள். எஞ்சின் சத்தத்துக்கும் காற்றுக்கும் மேலாக ஸஜீத்தின் குரல்தான் கேட்டது: கோழிப்பார், கோழிப்பார், கோழிப்பார்.

மெஷின் நின்றது.

"அது யார் புள்ள கோழி பார் கோழி பார் எண்டு கத்துற?"

"கத்தல்ல உம்மா. அது ஒரு பார்ட பேர். கடல்ல இரிக்கிற கல்லு."

"பேரா?"

"ஓம். கோழிப்பார். பள்ளிவாசல்துறைக்கு நேர. ஸஜீத்ட ப்ரொஜெக்ட் அது தான்."

அலீமா துணியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். முகத்தில் ஒரு மாதிரி. சிரிப்பு வருகிறதா, வேறு எதுவும் வருகிறதா என்று அவளுக்கே பிடிபடாத மாதிரி.

"பள்ளிவாசல்துறைக்கு நேர எண்டா... தண்ணி வத்தினா வெளிய தெரியுமா, மாட்டு முதுகு மாதிரி?"

ஸஃப்னாவுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அடியே, அது பேர் இல்லடி. அது நான் கத்தினது!"

அதற்குப் பிறகு அலீமாவை நிறுத்த முடியவில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்து புறப்படும்போது உடுத்த உடுப்போடுதான் வரச் சொன்னார்களாம். அவள் மட்டும் தன் கோழியைச் சாக்கில் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். சுபஹு நேரம், வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. வள்ளம் எதிலோ தட்டி நின்றது. பெண்கள் கலிமா சொல்லி அழத் தொடங்கினார்கள்.

"அந்த நேரம் பாத்து என்ட கோழி சாக்குலேந்து பாஞ்சி பறந்திட்டு. அங்கால போய் நிக்கிது. கடலுக்கு மேல! நான் அப்பிடி ஒண்டப் பாத்ததே இல்ல. 'வாப்பா, கோழி பார்! கோழி பார்!' எண்டு கத்தினன். ஒரு பொம்புள என்ட வாயப் பொத்தினா. நான் கைய கடிச்சிட்டுத் திரும்பவும் கத்தினன். அப்ப தான் வாப்பாக்கு வெளங்கிச்சி. கோழி நிக்கிதெண்டா அங்க தண்ணி இல்ல, கல்லு. ஆம்பிளைகள் எறங்கி மற்றப் பக்கத்தால தள்ளத் தொடங்கினாங்க."

"பொறகு?"

"பொறகென்ன, என்ட சத்தத்துக்கு ஒரு போட் வந்திச்சி. ரெண்டு பொடியன்மார். கயிறு போட்டு இழுத்துக் கரைக்குக் கொண்டு வந்தானுகள். வழிநெடுக எனக்கு நக்கல். 'கோழி பார், கோழி பார்'. நான் கோழி போயிட்டு எண்டு அழுறன், அவனுகள் சிரிக்கிறானுகள். அத இன்னும் சொல்லிக்கொண்டு திரியிறானுகளா?"

ஸஃப்னா எழுந்து நின்றுவிட்டாள். கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. கோழிப்பார். கோழி பார். நடுவில் ஒரே ஒரு ‘ப்’ விழுந்து, கத்தல் ஒன்று கல்லாகிவிட்டது! கடலுக்குப் போகிற ஆண்களின் வாயில் மட்டுமே புழங்கிய பெயர், ஆலங்குடாவில் மெஷினுக்கு முன்னால் இருந்தவளின் காதுக்கு இத்தனை வருடமாக வந்து சேரவே இல்லை.

கையைக் கழுவாமலே ஃபோனை எடுத்தாள். றுமைஸா கதையைப் பாதி கேட்டதுமே போட்ட கூச்சலில் அவளுடைய வீட்டில் யாரோ "பாம்பா?" என்று கேட்பது இங்கே கேட்டது. ஸஜீத் கடைசிவரை கேட்டான். பிறகு, "என்னட்ட ரெக்கோர்ட் இரிக்கி. மாமா ஓம் எண்டாரு," என்றான்.

"நீ கேட்டதுக்கா ஓம் எண்டாரு? ஸ்பேனருக்கு ஓம் எண்டாரு."

"அலீமா மாமிட கத நல்ல கத தான். ஆனா எங்கட ஆக்கள் ஒரு சின்னப் புள்ள கத்தினத எல்லாம் பேரா வெப்பாங்களா? கொஞ்சம் யோசி."

"நாளைக்கிக் காலைல வாறன். உம்மாவக் கூட்டிக்கொண்டு. உங்கட மாமாட்ட நேர கேப்பம். மாமா இல்லண்டு சொன்னா, நான் எருக்கலம்பிட்டி எண்டு எழுதி அனுப்பிட்டு வாய மூடிக்கொண்டு இரிக்கிறன். ஓம் எண்டு சொன்னா?"

"சொன்னா பாப்பம்," என்றான் ஸஜீத். குரலில் கோயா கொஞ்சம் ஆடியிருந்தார்.

காலையில் அலீமா மூன்று தரம் புறப்பட்டு மூன்று தரம் உள்ளே போனாள். ஒரு தரம் குடைக்கு, ஒரு தரம் தண்ணீர்ப் போத்தலுக்கு, கடைசித் தரம் எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. மீன் வேண்டுமென்றால் சைக்கிள்காரனிடம் வாசலில் வாங்குகிறவள். கடற்கரைக்கு என்று அவள் போய் எத்தனையோ காலம்.

ஹயாத்து முகம்மது தன் வாடிக் குடிசைக்கு முன்னால், ஓலை நிழலில் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ஸஜீத் முந்திக்கொண்டு ஓடினான். "மாமா, நேத்து நான் கேட்டேனே, கோயாட கப்பல்..."

"நீ எங்கடா கேட்ட? நீ சொன்ன. நான் எஞ்சினோட மல்லுக்கட்டிக்கொண்டு ஓம் எண்டன். கோயா யார்? உன்ட கூட்டாளியா?"

றுமைஸா அலீமாவின் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஸஃப்னா ஒரு அடி முன்னால் வந்தாள். எந்தப் பரீட்சைக்கும் அவள் நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

"மாமா, கோழிப்பாருக்கு அந்தப் பேர் எப்பிடி வந்த? நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்க."

"அதுவா? அது பெரிய கதயெல்லாம் இல்ல புள்ள. தொண்ணூறுல மன்னார் ஆக்கள் வந்த நேரம், நானும் இவன்ட மூத்த மாமாவும் வலை எடுக்கப் போனம். இருட்டுக்குள்ள ஒரு சத்தம். கீச்சுக் குரல். கோழி பார், கோழி பார் எண்டு. ஜின்னோ எண்டு நான் போட்டத் திருப்பப் பாத்தன். கிட்டப் போனா வள்ளம் நிறைய ஆக்கள், கல்லுக்கு மேல ஒரு கோழி, ஒரு சின்னப் புள்ள கத்துது. அண்டைலேந்து எங்க ரெண்டு பேருக்கும் அந்த இடம் கோழி பார் தான். 'எங்க வலை போட்ட?' 'கோழி பார்ல.' எல்லாருக்கும் பழகிட்டு." அவர் வலையிலிருந்து நிமிர்ந்தார். "அந்தப் புள்ள இப்ப எங்க இரிக்கோ..."

"ஆலங்குடால," என்றாள் அலீமா. "தலாணி உற தைச்சிக்கொண்டு."

ஹயாத்து முகம்மதுவின் கையிலிருந்த ஊசி மணலில் விழுந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு சிரித்தார், முகம் முழுதும் வெள்ளை.

"கோழிப் புள்ளயா நீ!"

"நானா," என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள் அலீமா. "நீங்க தானே என்ன நக்கலடிச்சிக்கொண்டு வந்தது?"

"நக்கல் இல்ல தங்கச்சி. நீ அழுத அழுகைக்கு வேற என்ன செய்ய?"

"என்ட கோழி போயிட்டு, நான் அழாம? முட்டையிடுற பேடு."

"பேடா? அது சேவல்."

"யார்ட கோழி? என்ட கோழி எனக்குத் தெரியாதா?"

"என்னத்தத் தெரியும்! நான் தானே பொறகு திரும்பப் போய்க் கல்லுல எறங்கிப் பிடிச்ச..." ஹயாத்து முகம்மது சட்டென்று வாயை மூடினார்.

காற்றுக்கு ஓலை படபடத்தது. அலீமா குடையை மடக்கினாள்.

"பிடிச்சீங்களா? அப்ப எங்க என்ட கோழி?"

அவர் காதைச் சொறிந்தார். மருமகனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "அண்டைக்கிப் பள்ளிவாசல் முத்தத்துல எல்லாருக்கும் சோறு ஆக்கினாங்க தங்கச்சி. ஊர்ல ஒவ்வொரு வீட்டாலயும் கொண்டு வந்தது தான். வள்ளத்துக்கு மேல வள்ளமா வாராங்க, கறி காணாது. எங்கட உம்மா என்ட கைல கோழியக் கண்டாங்க..."

"அறுத்தீங்களா?"

"பிஸ்மி சொல்லித் தான் அறுத்த." அவர் குரல் தாழ்ந்தது. "அதோட... நீயும் தின்ட புள்ள. அழுதுகொண்டு இரிந்த எண்டு நான் தான் உன்ட சோத்துக் கோப்பைல கால் துண்டு போட்டன்."

அலீமாவின் வாய் திறந்து அப்படியே நின்றது. பிறகு அவள் மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஸஃப்னா பயந்துபோய்க் குனிந்தாள். உம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஓட ஓடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அல்லாஹ்வே! அந்தக் கறி என்னா ருசி! இண்டைக்கி வரைக்கும் நான் சொல்லுவன், வந்த அண்டைக்கித் தின்ட கறி மாதிரி ஒரு கறி தின்டதில்ல எண்டு!"

"சேவல் எண்ட படியா தான் ருசி," என்றார் ஹயாத்து முகம்மது. உயிர் திரும்பி வந்திருந்தது அவருக்கு.

ஸஜீத் வலைக்குப் பக்கத்தில் குந்தினான். "அப்ப என்ட கோயா?"

"திரும்பக் கப்பலேறிட்டாரு. ஸலாம் சொல்லச் சொன்னாரு," என்றாள் றுமைஸா.

அவன் கொஞ்ச நேரம் மணலைக் கிளறினான். பிறகு ஃபோனை எடுத்தான். "சரி. கோழிப்பார விட்டுட்டு நான் பேய்ப்பார எடுக்கிறன் எண்டு மிஸ்ஸுக்குப் போடுறன். பேர் மாமிட தான், நான் ஒத்துக்கொள்றன். ஆனா மிஸ் கேப்பாங்க, சொந்த ஊர் எதுண்டு. அதுக்கு என்ன சொல்லுவ?"

இந்த முறை அவன் உண்மையாகவே கேட்டான். ஸஃப்னாவுக்கும் அது தெரிந்தது.

"கத்தினது எங்கட உம்மா," என்றாள். சொற்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. "ஆனா கத்தினா மட்டும் பேர் வருமா? கேட்டவங்க மறந்திருந்தா? உங்கட ஆக்கள் இவ்வளவு காலமும் அத வாயில வெச்சிக்கொண்டு வல போட்டிரிக்காங்க. உம்மாட சத்தம் இரிக்கிற வாய் எல்லாம் இந்தக் கரைல இரிக்கி. இத விட்டுட்டு எனக்கு வேற எங்கடா ஊர்?"

ஸஜீத் வாயைப் பிளந்து பார்த்தான். "இத ரெக்கோர்ட் பண்ணினியா?"

"இல்ல."

"லூஸு! திரும்பச் சொல்லு!"

"திரும்ப வராது."

அவள் அலீமாவின் பக்கம் திரும்பினாள். சொன்ன வேகத்தில் ஒன்றை யோசிக்க மறந்துபோயிருந்தாள். "உம்மா... எருக்கலம்பிட்டி எண்டு போடாட்டி உங்களுக்குக் கவலையா?"

அலீமா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடலில் வடக்குப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"கவல இல்லாம இரிக்குமா," என்றாள். "அது என்ட ஊர். அதுக்காக நீயும் என்ட வயசு வரைக்கும் அழுதுகொண்டே இரிக்கணுமா? போடு. ஒழுங்கா எழுத்துப் பிழை இல்லாமப் போடு."

ஸஃப்னா எழுதினாள். பெயர்: கோழிப்பார். ஊர்: கற்பிட்டிக் கரை. பகலுக்கு இன்னும் நேரம் கிடந்தது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது அலீமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தாள்.

"நானா, போட் இண்டைக்கிப் போகுமா? நான் அந்தக் கல்ல வெளிச்சத்துல பாத்ததே இல்ல."

ஐந்து பேரும் ஏறினார்கள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அலீமா ஒரு கையால் ஸஃப்னாவையும் மறு கையால் போட்டின் விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சேவல் என்றால் சுபஹுக்குக் கூவியிருக்க வேண்டுமே என்று சத்தமாகக் கேட்டாள். கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு எந்தச் சேவல் கூவும் என்று ஹயாத்து முகம்மது அதைவிடச் சத்தமாகக் கேட்டார். றுமைஸா இரண்டு பேரையும் மாறி மாறிப் படம் எடுத்தாள்.

கரை சின்னதாகிக்கொண்டிருந்தபோது ஸஃப்னாவின் ஃபோன் அதிர்ந்தது. மிஸ். அவள் வாசித்தாள், இன்னொரு தரம் வாசித்தாள், பிறகு கூச்சல் போட்டாள்.

"ஓம் எண்டுட்டாங்க! உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்!"

"நான் வரவா? கம்பஸுக்கா?" அலீமா திடுக்கிட்டாள். "அவ்வளவு படிச்ச ஆக்களுக்கு முன்னால போய் நான் என்னத்தக் கதைக்க?"

"கதைக்காத தங்கச்சி," என்றார் ஹயாத்து முகம்மது, போட்டைப் பச்சைத் தண்ணீருக்குத் திருப்பிக்கொண்டே. "கத்து."